எட்டுக் கடிதங்கள்

"வழிமொழிய யாராவது இருக்கிறீர்களா?" என்று தலைவி இரண்டாம் தடவையும் கேட்டார்.

ஒரு கையும் உயரவில்லை.

தியாகலிங்கம் எழும்பி நின்றபடியே நின்றார். கையில் இருந்த தாளில் நாலே நாலு வரி. வன்னிக் கடற்கரையில் அகப்பட்டு நிற்கும் சனத்துக்காக ஒட்டாவாவில் இருக்கும் கனடிய அரசு வாய் திறக்க வேண்டும். அதைக் கேட்டு நகரசபை எழுத வேண்டும். நகரசபையை எழுதச் சொல்லி இந்தக் குழு கேட்க வேண்டும். அவ்வளவுதான் தீர்மானம்.

வழிமொழிய ஓராள் இல்லாவிட்டால், பேச்சுக்கே எடுக்காமல் அது விழுந்துவிடும். விதி அப்படி.

அன்றைக்கு இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே பதினான்கு. அடுத்த கூட்டம் யூன் பதினெட்டு. அதற்குள் அந்தக் கரையில் யார் மிஞ்சப்போகிறார்கள்?

தங்கை பாலேஸ்வரி அங்கேதான் இருந்தாள். கடைசியாக அவள் குரலைக் கேட்டது ஏப்ரல் இருபதாம் திகதி. பங்கருக்குள் இருப்பதாகவும் சின்னவனுக்குக் காய்ச்சல் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு சத்தமில்லை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள அந்த நகரசபையின் மனித உரிமை, பல்லினக் குழுவில் மொத்தம் பத்துப் பேர். ஆறரைக்குத் தொடங்கிய கூட்டத்தில், பல்கலாசார நாளன்று சமோசா மேசையை எங்கே போடுவது என்பதிலேயே ஐம்பது நிமிடம் போனது. நடன மேடைக்குப் பக்கத்தில் போட்டால் எண்ணெய் மணக்கும் என்றார் ஒருவர். வாசலில் போட்டால் சனம் தின்றுவிட்டு அப்படியே திரும்பிவிடும் என்றார் இன்னொருவர். இரண்டு பக்கத்துக்கும் வழிமொழிய ஆள் இருந்தது.

தியாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவருடையது ஏழாவது விடயம். ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞராக இருந்த நாளிலிருந்து, எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் கொப்பி வைக்கிறவர். ஊரை விட்டு வெளிக்கிட்டபோதும் மனைவியின் நகைப்பெட்டியைவிடக் கவனமாக அந்தக் கோப்புகளைத்தான் காவிக்கொண்டு வந்தார். இந்த ஜனவரியிலிருந்து அமைச்சர், எம்.பி., ஐ.நா. என்று நாற்பத்தாறு கடிதம் போட்டாயிற்று.

"உங்கட காயிதத்தைக் கண்டு பயந்து ஷெல்லடியை நிப்பாட்டிப் போடுவாங்களாக்கும்" என்றாள் மனைவி. அவர் நாற்பத்தேழாவதற்குத் தாள் எடுத்தார்.

இந்தக் கூட்டத்துக்காகவே குழுவில் எட்டுப் பேருக்குத் தனித்தனியாக எழுதியிருந்தார். மூன்று பேர் கோப்பிக் கடையில் கண்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த மூன்று பேரும் இப்போது நிகழ்ச்சிநிரலை முதல் தடவையாகக் காண்பது போல வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேனை மூடியைக் கழற்றினார், பூட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"இது நம்முடைய எல்லைக்கு அப்பாற்பட்ட விடயமோ தெரியவில்லை" என்று தலைவி மெல்ல இழுத்தார். தாளைப் புரட்டுவதற்கு விரலை நனைத்தார்.

அப்போது மேசையின் அந்தக் கோடியில் ஒரு கை உயர்ந்தது.

பதியுதீன். குழாய் வேலைக்காரர், வேலை உடுப்போடேயே வந்திருந்தார். தியாகலிங்கத்தை விட்டால் அந்த அறையில் தமிழ் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். மூன்று வருடக் கூட்டங்களில் தியாகலிங்கம் ஒருநாளும் அந்தக் கோடியை நேராகப் பார்த்ததில்லை.

"நான் வழிமொழிகிறேன்" என்றார் ஆங்கிலத்தில்.

அதற்குப் பிறகு எல்லாம் சுருக்காக நடந்தது. பேனை மூடிக்காரரும் கையைத் தூக்கினார். ஆறுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது.

தியாகலிங்கம் கதிரையில் இருந்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். பதியுதீன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கமாக வந்தார்.

"எனக்கு மட்டும் முத்திரை ஒட்ட மனம் வரேல்லைப்போலை, அண்ணை" என்று சிரித்தார். "ஊரிலை பக்கத்துத் தெருக்காரன்தானே நான்."

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், பதியுதீனின் தெருவைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுக்க அன்றைக்குத்தான் உடுத்த உடுப்போடு போனது. தியாகலிங்கம் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை அவர் ஒரேயொரு கடிதம் எழுதினார். கிராம சேவகருக்கு. கொப்பி இப்பவும் கோப்பில் இருக்கிறது.

'பக்கத்துத் தெருவிலிருந்து உரிமையாளரற்ற ஆடுகள் எமது ஒழுங்கைக்குள் புகுந்து கத்தரிச் செடிகளை மேய்கின்றன. தயவுசெய்து உடன் நடவடிக்கை எடுக்கவும்.'

அவர் எழுதியவற்றில் உடனே பலன் கிடைத்தது அந்தக் கடிதத்துக்குத்தான். நாலாம் நாளே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.