பூட்டுப் பயிற்சி

“பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பி வெச்சோமே, அங்கே என்னய்யா கத்துக்கிட்டு வந்தே? பூட்டுப் போடவா?”

மேனேஜர் போட்ட சத்தம் வரிசையில் நின்ற பதினோரு லாரி டிரைவர்களுக்கும் கேட்டது. மெக்கானிக் மட்டும் காதில் விழாத மாதிரி நின்றார்.

விஷயம் இதுதான். கல் உடைக்கும் ராட்சத மிஷின் ஓடாமல் நின்றது. அதன் மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜருக்கு ஏற்கெனவே மண்டை காய்ந்திருந்தது. இன்னும் நாலு பேரை மிஷின் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சாயங்காலத்துக்குள் முதலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் ஒரு காகிதத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் செலவை எழுதினார். ஃபீஸ், ரயில், தங்குமிடம், ஆள் இல்லாமல் போன பன்னிரண்டு நாள். கூட்டினால் இரண்டு மாத டீசல் செலவு வந்தது. வலப்பக்கம் வரவு. அங்கே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

பயிற்சிக்குப் போன மெக்கானிக் திரும்பி வந்தபோது கையில் இருந்தது ஒரு பெட்டி பூட்டு. மிஷினைத் தொடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. உள்ளே இறங்குமுன் சுவிட்சில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் கையால்தான் திறக்க வேண்டும்.

இந்தக் கூத்தால் போன மாதம் மானமே போயிற்று. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். “நான் கையைக் காட்டினதும் போடு” என்று ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, மேனேஜரே மிஷினின் வாய்க்குள் இறங்கிப் புது இரும்புப் பற்களை எல்லாம் காட்டினார். ஏறி வந்து கம்பீரமாகக் கையைக் காட்டினார். மிஷின் கம்மென்று இருந்தது. போய்ப் பார்த்தால் பூட்டு! மெக்கானிக் ஓடிவந்து திறப்பதற்குள் வாடிக்கையாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

“இப்ப இது யார் பூட்டு?” சுவிட்சில் தொங்கியதைக் காட்டிக் கேட்டார் மேனேஜர்.

“நம்ம ஹெல்பர் ஒல்லி அண்ணனோடது சார். நானும் அவரும்தான் உள்ளே போல்ட்டு மாத்தினோம். நான் மேலே வந்ததும் என் பூட்டை எடுத்துட்டேன்” என்றார் மெக்கானிக்.

“ஆளு எங்கே?”

“டீக்கடைப் பக்கம் போனாரு சார், நானே பார்த்தேன்” என்றார் ஆபரேட்டர். “மிஷின் வாய்க்குள்ளேயும் எட்டிப் பார்த்துட்டேன். யாரும் இல்லை.”

“மறந்துட்டுப் போயிருப்பான். அறுத்துப் போடு!”

வெல்டர் அறுக்கும் மிஷினோடு வந்தார். மெக்கானிக் குறுக்கே போய் நின்றார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.

“என் சீட்டை வேணும்னா கிழிங்க சார். பூட்டுல கை வைக்காதீங்க. அவரு வரட்டும், அவரு கையால திறக்கட்டும்.”

“ஒருத்தன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பதினோரு லாரி நிக்கணுமா?”

“நிக்கட்டும் சார்.”

“திமிரைப் பாரேன்!” என்றார் ஒரு டிரைவர். பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின.

மேனேஜர் வெல்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அறுக்கும் மிஷின் ‘கிர்’ரென்று சுழல ஆரம்பித்தது.

‘டங்!’

ராட்சத மிஷினின் வாயிலிருந்து ஒரு ஸ்பேனர் பறந்து வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு கை. அப்புறம் ஒரு தலை. ஒல்லி!

“இதை உள்ளே விட்டுட்டேன் சார். வாசல்கிட்ட போனதும்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து, பூட்டை மாட்டிட்டு மறுபடி இறங்கினேன். அடியில போய்ச் சொருகியிருந்துச்சு, படுத்துக்கிட்டே போய் எடுத்தேன்.” சுற்றிலும் பார்த்தார். “என்ன, எல்லாரும் பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?”

வெல்டர் அறுக்கும் மிஷினை அணைத்தார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியால் பூட்டைத் திறந்து, “இனிமே போடுங்க” என்றார் ஒல்லி.

மிஷின் உறுமியது. ஆள் பருமன் பாறை ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் ஜல்லியாகக் கொட்டியது. பதினேழு வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் இன்று மேனேஜருக்கு அது புதிதாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய மிஷினை, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பூட்டு பிடித்து வைத்திருந்ததே!

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். வரவுப் பக்கத்தில் ‘ஒரு ஆள்’ என்று எழுதினார். இடப்பக்கச் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பட்டது.

“இந்தப் பூட்டெல்லாம் எந்தக் கணக்கில வாங்கினே?” குரல் இறங்கியிருந்தது.

“பயிற்சிக்குக் குடுத்த சாப்பாட்டுப் படியில சார்.” மெக்கானிக் தலையைச் சொறிந்தபடி பெட்டியைத் திறந்து காட்டினார்.

ஒவ்வொரு பூட்டிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. ஆபரேட்டர். வெல்டர். ஓரத்தில் கிடந்த ஒன்றில், ‘மேனேஜர்’.

“எனக்கு எதுக்குய்யா?”

மெக்கானிக் அந்தப் பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“சொன்னாத் திட்டுவீங்கன்னு சொல்லலை சார். போன மாசம் நீங்க மிஷினுக்குள்ளே இறங்கினப்ப நான் மாட்டினது இதைத்தான். நீங்க உள்ளே இருந்துக்கிட்டு, அந்த வாடிக்கையாளர்கிட்ட ‘அதோ பாருங்க’ன்னு கையைக் காட்டினீங்க. ஆபரேட்டர் அதைப் பார்த்துட்டு பட்டனை அமுக்கிட்டாரு.”

மேனேஜர் அந்தப் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம், ‘ஒரு ஆள்’ என்பதை அடித்துவிட்டு, ‘இரண்டு ஆள்’ என்று எழுதினார்.