பிலோமினாவின் அளவு நாடா

சாந்தோமில் தையல்காரி பிலோமினாவின் அறை. மதிய வெயில் பச்சைத் திரையைத் தாண்டி வைதேகியின் வெற்றுத் தோளில் விழுகிறது. மேஜையில் அவள் உள்பாடி தைக்கத் தேர்ந்தெடுத்த கைத்தறிப் பட்டு, சிப்பிப் பொத்தான்கள், திறந்திருக்கும் கத்தரிக்கோல். கண்ணாலேயே அளவெடுத்து, "முப்பத்தாறுதானே மேடம்?" என்று செய்தித்தாளில் சுற்றித் தரும் தி.நகர் கடைக்காரனையும், மூன்றே மாதத்தில் தொளதொளத்துப்போகும் அவன் சரக்கையும் அவள் தலைமுழுகிவிட்டாள். பிலோமினா தைத்தால் நாலு வருஷம் உழைக்குமாம். "கைய தூக்கும்மா." நாடா சில்லென்று மார்பைச் சுற்றுகிறது. தையல் எங்கே வரவேண்டும் என்று தடவிப் பார்க்கும் விரல்கள் இடப்பக்கம் நகர்கின்றன, நிற்கின்றன, திரும்பி வந்து அதே இடத்தை அழுத்துகின்றன. "கூச்சமா இருக்கு, சீக்கிரம் எடுங்கோ" என்று வைதேகி சிரிக்கிறாள். பிலோமினா சிரிக்கவில்லை. "இங்க கல்லு மாதிரி இன்னாமோ கீதே. வலிக்குதா?" "இல்லையே." "வலிச்சாக்கூட தேவல." தெருவில் ஐஸ்வண்டியின் மணி நெருங்கி வந்து, கடந்து போகிறது. பிலோமினா கத்தரிக்கோலை மூடுகிறாள். வைதேகியின் புடவைத் தலைப்பைத் தானே எடுத்து அவள் தோளில் போர்த்துகிறாள். "துணிய அப்பால வெட்டிக்கலாம் கண்ணு. ஊட்ல உன்கூட யாரு கீறாங்க?"