முப்பத்தெட்டு நிமிடம்

கோடை மழை சடசடவென்று கொட்டுகிறது. பூட்டிய பள்ளிக் கேட்டுக்கு வெளியே, சுவரோரத் தகரக் கூரையடியில் நிர்மலா நிற்கிறாள். உள்ளே மகள் தரணி நீட் எழுதிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று வாட்ச்மேன் அறையின் மின்விசிறி நிற்கிறது; மாடி ஜன்னல்கள் அத்தனையும் இருண்டுபோகின்றன. பனியன் கம்பெனியில் நிர்மலா லைன் சூப்பர்வைசர். அங்கே கரண்ட் போன நிமிடமும் வந்த நிமிடமும் போர்டில் ஏறும். அந்த நேரத்துப் பீஸ்களை டார்கெட்டில் கழித்தே ஆகவேண்டும். கை தானாகவே பையிலிருந்து சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதுகிறது: 3.12. "ஏனுங்க, செவுத்துல கிறுக்காதீங்க," என்கிறார் வாட்ச்மேன். "கிறுக்கலீங்க. டைம் எழுதறனுங்க."

ஜெனரேட்டர் சத்தம் கேட்காதா என்று பெற்றோர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தகரத்தில் மழைதான் அறைகிறது. விரலிடுக்கில் சாக்பீஸ் வியர்வையில் வழுக்குகிறது. ஒருவழியாக ஜன்னல்களில் வெளிச்சம் வரும்போது 3.50. அதையும் எழுதி, அடியில் கோடு போட்டு, 38 என்று பெரிதாக எழுதுகிறாள். "அப்ப அஞ்சு முப்பத்தெட்டுக்குத்தானுங்க முடிக்கோணும்?" என்று பக்கத்திலிருப்பவர் கேட்கிறார். "அதுதானுங்க நாயம்."

ஐந்து மணிக்கு, ஒரு நொடி பிசகாமல், மணி அடிக்கிறது.

கேட் திறந்து தரணி வருகிறாள். முகம் செத்துக் கிடக்கிறது. "இருபத்தேழு கேள்வி விட்டுப்போச்சும்மா. பத்து நிமிஷந்தான் கரண்ட் இல்லைன்னு ஹால்ல இருந்த சார் சொல்லீட்டாருங்க. நாந்தான் மெதுவா எழுதீட்டேன்."  நிர்மலா, சுவரிலிருந்த 38-ஐ மறைத்து நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி விலகி நிற்கிறாள்.