பின் சீட்டில் மீன் குழம்பு

தூக்குப்போசி கவிழ்ந்து கிடந்தது. மீன் குழம்பு பின் சீட்டில் பரவிக்கொண்டிருந்தது.

வேகத்தடையைக் கவனிக்காதது அவன் தப்பு.

அது மாமனாரின் கார் என்பது அதைவிடப் பெரிய தப்பு.

புதுக் கார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் போன வாரம்தான் மனசே இல்லாமல் உரித்தார். காருக்குள் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மாமனார் சென்னியப்பன் போட்ட சட்டம்.

அவர் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வாசல்வரை கேட்டது.

அது நிற்பதற்குள் முடிக்க வேண்டும்.

கையில் அகப்பட்ட ஆசிட் பாட்டிலோடு ஓடிவந்தான். மனைவி பூங்கொடி குறுக்கே பாய்ந்து பிடுங்கினாள்.

"ஏனுங்க, இது கக்கூஸ் கழுவறது! சீட்டு வெந்து போயிரும். அந்த நெடியில நீங்களும் போயிருவீங்க."

கதவு நான்கையும் திறந்து வைத்தான்.

தேய்க்கவில்லை. கரண்டியால் வழித்தான். ஷாம்பு நுரையில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தான். பெல்ட் மாட்டும் இடத்தில் ஒரு சொட்டுகூட இறங்கவிடவில்லை. பிறகு காய்ந்த துணியால் ஒற்றினான்.

பூங்கொடி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையை அவன் ஒருநாளும் இப்படித் துடைத்ததில்லை.

குழம்பு போயிற்று.

வாசம் போகவில்லை.

டிரைவர் சீட்டுக்கு அடியிலும் ஓடியிருக்க வேண்டும். குனிந்து கையை விட்டான்.

ஏதோ சரசரத்தது.

இழுத்தான். மைசூர்பாகு சுற்றிய காகிதம்.

மறுபடி விட்டான். லட்டு டப்பா. காலி.

கடைசியாக ஒரு பொட்டலம். பிரித்தான். உள்ளே பாதி ஜாங்கிரி. பாகுகூடக் காயவில்லை. விளிம்பில் பல் தடம்.

அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் சர்க்கரை. இனிப்பில்லாத காப்பிக்குப் பழகி வருஷக்கணக்காயிற்று என்று எல்லோரிடமும் சொல்வார்.

குறட்டை நின்றிருந்தது.

மாமனார் வாசற்படியில் நின்றார். ஈரமான சீட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"மாப்ள, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்..."

அப்போதுதான் மருமகனின் கையைப் பார்த்தார்.

சிவப்பு இறங்கியது.

அவர் முதுகுக்குப் பின்னால் மாமியார் வந்து நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"என்னது இது நாத்தம்? வண்டிக்குள்ள ஆரு என்னத்தக் கொட்டுனது?"

அவன் ஜாங்கிரியை ஈரத்துணிக்குள் வைத்துச் சுருட்டினான்.

மாமனார் செருமினார்.

"நாந்தான் புள்ள. கை தவறிப்போச்சு."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாப்பிட்டுப் படுத்தவர் இப்போதுதான் எழுந்திருக்கிறார். கன்னத்தில் பாய் பதிந்த கோடு இன்னும் மறையவில்லை.

மாமியார் படியிறங்கி நேராக மருமகனிடம் வந்தார். கையை நீட்டினார்.

"அந்தத் துணிய இப்பிடிக் குடுங்க மாப்ள. நான் அலசிப் போடறன்."