கிளிஃபர்ட் வீட்டு வாசல்

"எங்க வீட்டை உங்க லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துடுங்க சார்."

மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு கேரல் நின்றுகொண்டே இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

பாரம்பரியக் கட்டடப் பிரிவின் அதிகாரி ஆராவமுதன் முகவரியைப் பார்த்தார். லிங்கராஜபுரம். நூறு வருஷத்து ஓட்டு வீடு. முகப்பில் மரவேலைப்பாடு. போன மாதம்தான் பட்டியலில் சேர்த்திருந்தார். இனி அந்த வீட்டை இடிக்க முடியாது. ஆபீசைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.

"எந்த பில்டர்மா?"

"பில்டரா? அப்படி யாரும் இல்ல சார். எங்க வீட்டுக்காரர்..."

"வீடு அவர் பேர்லயா?"

"ஆமா சார்."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க."

"அவரால வர முடியாது சார்."

"இங்க வரத்தான் முடியாது. பில்டர் ஆபீசுக்குன்னா எல்லாரும் கரெக்டா போயிடறாங்க."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள்.

ஆராவமுதனைக் குறை சொல்ல முடியாது. ஒரு தர்காவின் வாசல் வளைவு, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டி, பிளேக் காலத்து ஆஸ்பத்திரி என்று மூன்று வருஷத்தில் பதினோரு இடங்களை இடிபடாமல் காப்பாற்றியவர். மிரட்டலும் வந்தது, ஸ்வீட் டப்பாவும் வந்தது. எதற்கும் மசியவில்லை.

மனுவின் மேலே 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மிச்சம் இருக்கறதே கொஞ்சம்மா. அதையும் வித்துட்டா, நம்ம தமிழ் ஜனங்க இந்தக் கன்னட ஊர்ல வாழ்ந்தாங்கன்னு எதைக் காட்டுவீங்க?"

கேரல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. கேரலின் எதிர்வீட்டுக்காரர் லாயிட்.

"சார், அந்த வீட்டு வாசல்ல மேஸ்திரி உளியை வச்சுட்டான். சீக்கிரம் வாங்க!"

ஆராவமுதன் போய்ச் சேர்வதற்குள் கதவு நிலையின் இடப்பக்கம் நாலு செங்கல் பெயர்ந்திருந்தது. மேஸ்திரியின் கையிலிருந்து உளியைப் பிடுங்கினார்.

"இன்னும் ஒரு செங்கல் பேர்ந்தா கேஸ் போடுவேன். இந்த நிலையும் கதவும் எவ்வளவு பழசு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்." கேரல் புடவைத் தலைப்பால் முகத்துத் தூசியைத் துடைத்தாள். "ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க சார். ப்ளீஸ்."

"உள்ள வந்தா காபி வரும். காபி வந்தா பேரம் வரும். நான் எந்த வீட்டுக்குள்ளயும் போறதில்ல."

உள்ளே யாரோ இருமினார்கள். ஆராவமுதன் வாசலில் நின்றபடியே நோட்டீஸை ஒட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஐந்து மாதம் போயிற்று. 'பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்' என்று பொறித்த பித்தளைத் தகடு தயாராகி வந்தது. அவரே எடுத்துக்கொண்டு போனார்.

கேரல் வெள்ளைப் புடவையில் வந்து கதவைத் திறந்தாள்.

"எங்க வேணா மாட்டிக்குங்க சார்."

"வீட்டுக்காரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்மா."

"கிளிஃபர்ட் போய் இருபது நாள் ஆச்சு சார்."

ஆராவமுதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஹாலில் ஒரு போட்டோ. முன்னால் மெழுகுவர்த்தி. பக்கத்தில் ஒரு வீல்சேர். அதன் சக்கரத்தில் துளி மண் இல்லை.

"ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் படுக்கை சார். சர்ச்ல இந்த வீல்சேரைக் குடுத்தாங்க. மடிச்சுத்தான் உள்ள கொண்டு வந்தோம். விரிச்சா வாசல்ல நுழையல. பின்வாசல் இன்னும் சின்னது."

"தூக்கிட்டுப் போக..."

"ஆஸ்பத்திரின்னா நாலு பேர் வந்து தூக்குவாங்க. அவர் கேட்டது ஆஸ்பத்திரி இல்ல சார். சாயங்காலம் கொஞ்ச நேரம் ரோட்டுல உக்காரணும்னார். அதுக்கு தினம் யாரைக் கூப்பிடறது? ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்தவர். படுத்த இடத்துலேர்ந்தே சொல்வார், நான் டேப்பைப் பிடிச்சு அளப்பேன். மூணு இஞ்ச்தான் சார் பத்தல."

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எழுதிக் குடுத்தேனே சார்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. தகட்டை மாட்டாமலே ஆபீசுக்குத் திரும்பினார்.

ஃபைலை எடுத்தார். மேலே, வெளியில் டைப் அடித்து வாங்கிய கன்னட மனு. அதில் அவர் கையெழுத்து. அடியில் குண்டூசியால் குத்தியிருந்த இன்னொரு தாள். அதைப் புரட்டியதாகவே அவருக்கு நினைவில்லை. ஆபீசர் தமிழ்க்காரர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தமிழில், கைப்பட எழுதியிருந்தாள்.

'ஐயா, லிஸ்ட்டிலிருந்து எடுக்க முடியாது என்றால், முன்வாசலை மட்டும் மூன்று அங்குலம் அகலப்படுத்த அனுமதி கொடுங்கள். என் கணவரின் வீல்சேர் போக வேண்டும். வேறு எதையும் தொடமாட்டேன்.'

அந்த அனுமதிக்கு அவர் ஒருவர் கையெழுத்தே போதும்.

மீதியை அவரால் உடனே படிக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

'நிலையையும் கதவையும் கீறல் விழாமல் கழற்றி, செங்கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்துக்கொள்கிறேன். என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு இது. இதைக் கெடுக்க எனக்கும் மனம் வராது. டாக்டர் என் கணவருக்கு ஆறு மாதம்தான் கெடு சொல்லியிருக்கிறார். அவர் போனதும் வாசலைப் பழையபடியே கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.'