துரைக்குத் தெரியாத பாதை

தேயிலைத் தோட்டத்தில் துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பூரணி பலகையில் அந்தப் பாதையை வரைந்து முடித்திருந்தாள்.

மரியரட்ணம் மாஸ்டர் அதை அழிக்கத் துணி தேடினார். நேரமில்லை.

குற்றம் அவருடையதுதான். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும் சுவரில் இங்கிலாந்துத் தேசப்படம்தான் தொங்கியது. லண்டன் எங்கே என்று கேட்டால் ஐந்தாம் வகுப்பு கூரையைப் பார்த்தது. இன்று காலை அதைக் கழற்றி எறிந்தார். தேயிலைப் பெட்டிப் பலகை நான்கைச் சேர்த்து ஆணியடித்து, கரி பூசி, டிக்கோயா டவுனில் வாங்கிய கலர் வெண்கட்டிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

"ஒங்க தோட்டத்தப் போடுங்க. நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன்."

வரைந்து தள்ளினார்கள். அளவெல்லாம் அவர்கள் இஷ்டம். தண்ணீர்ப் பீலி தொழிற்சாலையைவிடப் பெரிது. தினமும் குடத்தோடு வரிசையில் நிற்பது அங்கேதானே. துரை பங்களா தீப்பெட்டியளவு. பங்களா நாய் அதைப்போல் இரண்டு மடங்கு. சூரியன் எழும் மலையை வைத்துக் கிழக்கையும் பிடித்துவிட்டார்கள். மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் பூரணி மஞ்சள் கட்டியை எடுத்தாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்னாலிருந்து ஏழாம் நம்பர் மலை வழியாக மானாப்புல் மேட்டுக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் தொழிலாளர் சங்கக் கூட்டம் ரகசியமாக நடக்கும் இடம். தோட்டத்தில் சங்கம் கூடக் கூடாது என்பது துரையின் உத்தரவு. அந்தப் பாதை தெரிந்தால் பதினெட்டுக் குடும்பங்களுக்குப் பேர் வெட்டு. வேலையும் போய்விடும், லயமும் போய்விடும்.

கண்டாக்கு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழே பார்த்தார். நாயைப் பார்த்துச் சிரித்தார். மஞ்சள் கோட்டில் வந்து நின்றார்.

"இது என்னா மாஸ்டர்?"

"மழத்தண்ணி போற கானுங்கய்யா."

"மேட்டுமேல ஏறிப் போற கானா? நல்ல கானா இருக்கே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

கண்டாக்கு சிவப்புக் கட்டியை எடுத்தார். பாதை வளையும் இடத்தில், கம்பும் கையுமாக ஒரு ஆளை வரைந்தார். கேவலமான படம். தலை பூசணிக்காய் மாதிரி.

"தொரைக்கு இந்த மலமேல ஏதோ சந்தேகம். இந்த வெள்ளிக்கெழம காவக்காரன இங்க நிப்பாட்டச் சொல்லிருக்காரு. புள்ளைங்க படத்துல ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதுல்ல?"

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூரணி மஞ்சள் கட்டியை மறுபடி எடுத்தாள். பூசணித் தலையனைச் சுற்றி இன்னொரு பாதை போடத் தொடங்கினாள்.