கை நழுவிய இடம்

அகதி விண்ணப்பத்துக்காக லண்டனில் வழக்கறிஞரின் அலுவலகத்தில் பவளராணி போரில் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லியிருந்தாள். மொழிபெயர்ப்பாளன் நிரோஷன் அதை ஆங்கிலத்திலும் அப்படியே ஒரே நீண்ட வாக்கியமாக எழுதிக் கொடுத்தான். "இதை எந்த நீதிபதியும் படித்து முடிக்கமாட்டார்" என்றார் வழக்கறிஞர். அவன் உட்கார்ந்து, 'and'களை வெட்டி, முற்றுப்புள்ளிகள் வைத்து, வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக்கினான். கையெழுத்துக்கு முன் அவளுடைய மொழியில் வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. வாசித்தான்.

"ஷெல் விழுந்தது. மகனின் கை நழுவியது. நான் ஓடினேன்."

அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"ஏதும் பிழையா அக்கா?"

"எல்லாம் நடந்ததுதான் தம்பி. ஆனா, கை நழுவினது தெரிஞ்சு, அதுக்குப் பிறகு நான் ஓடின மாதிரியெல்லோ கிடக்கு."

என்ன மாற்றவேண்டுமாம் என்று வழக்கறிஞர் கேட்டார். நிரோஷன் கணினித் திரையில் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடமிருந்தது.